உபுண்டு 22.04க்கு ஏத்துன பொறவு சென்ட்ரல் லாகின் வேலை செய்யலீங்க, ஸ்லாப்டி ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது

பல்லடம்_சிஸ்டம்:

வணக்கமுங்க எல்லாருக்கும். திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில சிஸ்டம் பாத்துக்கறேனுங்க. மெர்ச்சண்டைசிங், கட்டிங், செக்கிங், பேக்கிங், அக்கவுண்ட்ஸ்னு எல்லா டிபார்ட்மெண்டுக்கும் லினக்ஸ் டெஸ்க்டாப்தான், யூசர்நேம் பாஸ்வேர்டு எல்லாம் ஒரே சர்வர்ல இருக்குது, ஓப்பன்எல்டாப் (ஆளுங்க விவரத்தை ஒரே எடத்துல வெச்சுக்கற சாஃப்ட்வேர்) போட்ட சர்வருங்க, அதுல ஓடற மெயின் சர்வீஸ் பேருதான் ஸ்லாப்டி. ஒவ்வொரு டெஸ்க்டாப்லயும் எஸ்எஸ்எஸ்டி ஓடும், அது எல்டாப் சர்வரைக் கேட்டுத்தான் ஆளை உள்ள விடும். பல்லடம் பக்கம் இருக்கற ரெண்டாவது யூனிட்டும் விபிஎன் வழியா இதே சர்வர்லதான் லாகின் ஆகுது. இந்த செட்டப் எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் போட்டதுங்க, அப்ப உபுண்டு 14.04 ஓடிட்டிருந்த காலம், அதுக்கப்புறம் 16, 18, 20னு ஒவ்வொண்ணா மேல ஏத்தீட்டே வந்துருக்காங்க, புதுசா இன்ஸ்டால் பண்ணதே இல்லை.

20.04க்கு சாதாரண சப்போர்ட் 2025 மே மாசத்தோட முடிஞ்சு போச்சுதுங்களா, பையர் சைடுல இருந்து ஆடிட்டுக்கு வர்றவங்க செக்யூரிட்டி அப்டேட் வராத சர்வர் ஓட்டக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அதனால ஞாயித்துக்கிழமை ஆள் வராத நேரமாப் பாத்து 22.04க்கு ஏத்துனமுங்க. அப்கிரேட் ஓடி முடிஞ்சுது, ரீஸ்டார்ட் ஆயி மேல வந்துது, ரூட்ல உள்ள போக முடியுது, நெட்வொர்க், டிஸ்க், எல்லாம் நல்லா இருக்குது. ஸ்லாப்டி மட்டும் ஸ்டார்ட் ஆகி அந்த நிமிசமே ஃபெயில்டுன்னு காட்டுது.

இதுல எனக்கு மண்டைய கொடையறது என்னன்னா திங்கக்கிழமை காலைல ஆளுங்க வந்தப்ப பாதிப் பேருக்கு லாகின் ஆகுதுங்க. அக்கவுண்ட்ஸ்ல எல்லாரும் உள்ள போயிட்டாங்க, ஒரு பிரச்சனையும் இல்லை. கட்டிங் சூப்பர்வைசர் அவரோட டேபிள் மிஷின்ல லாகின் ஆகறாரு, அதே ஆள் அதே பாஸ்வேர்டைப் போட்டு செக்கிங் டிபார்ட்மெண்ட் மிஷின்ல போட்டா ராங் பாஸ்வேர்டு மாதிரியே திருப்பி விட்டுருது. போன வாரம் சேந்த புது மெர்ச்சண்டைசர் பொண்ணுக்கு எந்த மிஷின்லயும் ஆகலை. இன்னொருத்தரு பாஸ்வேர்டு மாத்தலாம்னு பாத்தா சிஸ்டம் ஆஃப்லைன்ல இருக்குது, மாத்த முடியாதுன்னு வருது. சர்வரே படுத்துக் கெடக்கறப்ப சில பேரு மட்டும் எப்படிங்க உள்ள போறாங்க?

நெட்டுல தேடுனா எஸ்எஸ்எஸ்டி கேச் ஃபோல்டரை அழிச்சுட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு பக்கம் பக்கமா போட்டுருக்காங்க. எல்லா டெஸ்க்டாப்லயும் அதை ஒட்டுக்கா ஓட்டற மாதிரி ஸ்கிரிப்ட் ரெடியா இருக்குது, ஓட்டறதுக்கு முன்னாடி விசயம் தெரிஞ்சவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் இங்க போடறேன். பழைய சர்வரோட ஈடிசி, வார் ரெண்டு ஃபோல்டரும் அப்கிரேடுக்கு முன்னாடி வேற டிஸ்க்குல முழுசா எடுத்து வெச்சிருக்குதுங்க.

சனிக்கிழமை சம்பளம் போடணும், பீஸ் ரேட் என்ட்ரி பண்ற லைன் ரைட்டர்ங்க ஷிப்டுக்கு ஷிப்டு மிஷின் மாறி உக்காருவாங்க, அவங்களுக்குத்தான் இப்ப ரொம்ப செரமமா இருக்குது. யாராச்சும் வழி சொல்லுங்க.

ஈரோட்டு_மஞ்சள்:

தம்பி, மொதல்ல அந்த ஸ்கிரிப்டை ஓட்டீராதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

உங்க ஆளுங்க பாதிப் பேரு உள்ள போறதே அந்த கேச் இருக்கறதுனாலதான். எஸ்எஸ்எஸ்டி செட்டிங்ல கேச் கிரெடென்ஷியல்ஸ் ட்ரூன்னு வெச்சிருந்தா, ஒரு ஆளு ஒரு மிஷின்ல ஒரு தடவை சரியா லாகின் பண்ணிட்டா அவரு பாஸ்வேர்டோட ஹேஷ் (திருப்பிப் படிக்க முடியாத மாதிரி மாத்துன வடிவம்) அந்த மிஷின்லயே தங்கிரும். எல்டாப் சர்வர் கெடைக்காதப்ப அதை வெச்சு உள்ள விடும். அதனாலதான் கட்டிங்காரரு அவரு மிஷின்ல போறாரு, செக்கிங் மிஷின்ல அவரு முன்னாடி உக்காந்ததே இல்லை, அங்க முடியலை. புதுப் பொண்ணு இந்த மாதிரி எங்கயும் பதிஞ்சிருக்காது. கேச்சை அழிச்சீங்கன்னா இப்ப வேலை செய்யற அக்கவுண்ட்ஸ்காரங்களும் வெளிய நிப்பாங்க. கரண்ட் போயிருக்கறப்ப ஓடிட்டிருக்கற இன்வெர்ட்டரைக் கழட்டி வைக்கற மாதிரி ஆயிரும்.

நெட்டுல சொல்ற அந்த வழி எல்டாப் சர்வர் நல்லா ஓடறப்ப, டெஸ்க்டாப்ல பழைய தகவல் ஒட்டீட்டு இருந்தா பண்றது. அதுக்குமே எஸ்எஸ்எஸ்_கேச் கமாண்டுல பெரிய ஈ போட்டாலே போதும், அது ரெக்கார்டை காலாவதின்னு குறிச்சு வைக்கும், அழிக்காது. ஃபோல்டரை ஆர்எம் போட்டா எல்லாமே போயிரும்.

ஆஃப்லைன்ல எத்தனை நாளைக்கு விடும்னு ஒரு செட்டிங் இருக்குது, எதுவும் போடலைன்னா கெடு கெடையாது. அந்த வரி உங்க கான்ஃபிக்ல இருக்குதான்னு மட்டும் பாத்துருங்க, இல்லைன்னா பதறாம வேலை பாக்கலாம்.

பீளமேடு_லினக்ஸ்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. டெஸ்க்டாப் பக்கமே போகாதீங்க, கோளாறு சர்வர்ல.

ஸ்லாப்டியோட லாக் இல்லாம யாரு சொன்னாலும் ஊகம்தான். ஜர்னல்சிடிஎல்ல ஸ்லாப்டி யூனிட்டுக்கு மட்டும் கடைசி ஐம்பது வரி எடுத்துப் போடுங்க. கூடவே /வார்/லிப்/எல்டாப் ஃபோல்டர்ல என்னென்ன ஃபைல் இருக்குதுன்னு சொல்லுங்க. 14.04ல இருந்து ஏத்தீட்டு வந்துருக்குதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்கு உறுத்துது. கூடவே இன்னொண்ணு, அந்த ஈடிசி வார் காப்பி எடுத்தப்ப ஸ்லாப்டி ஓடிட்டு இருந்துதா, நிறுத்தி வெச்சு எடுத்தீங்களா?

பல்லடம்_சிஸ்டம்:

ரொம்ப நன்றிங்க அக்கா, ஸ்கிரிப்டை ஓரமா வெச்சாச்சு. ஆஃப்லைன் கெடு வரி எதுவும் கான்ஃபிக்ல இல்லீங்க.

அண்ணா, லாக்ல முக்கியமான வரி இதுதானுங்க: எல்டி_டிஎல்ஓப்பன்எக்ஸ்ட் ஃபெயில்டு, பேக்_எச்டிபி, ஃபைல் நாட் ஃபவுண்ட். அதுக்கு அடுத்தாப்ல கான்ஃபிக் எர்ரர்னு ரெண்டு மூணு வரி, அப்புறம் ஸ்லாப்டி ஸ்டாப்டு. வேற ஒண்ணும் இல்லை.

அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்த காப்பில எல்டாப் ஃபோல்டரைத் தொறந்து பாத்தா ஐடி2என்ட்ரி.பிடிபி, டிஎன்2ஐடி.பிடிபி, இன்னும் சில பிடிபி ஃபைலுங்க, டிபி_கான்ஃபிக்னு ஒண்ணு, லாக்.0000000001னு ஆரம்பிச்சு நெறைய நம்பர் போட்ட லாக் ஃபைலுங்க இருக்குது. காப்பி எடுத்தப்ப எல்லா சர்வீசையும் நிறுத்தீட்டுத்தானுங்க எடுத்தது.

பேக்_எச்டிபிங்கற ஃபைலை பழைய சர்வர் காப்பில இருந்து எடுத்து புதுசுல போட்டா சரியாயிருமுங்களா?

பீளமேடு_லினக்ஸ்:

ஆகாதுங்க, பழைய மாட்யூல் புது ஸ்லாப்டியோட சேராது. ஆனா பயப்பட ஒண்ணுமில்லை, உங்க டேட்டா எங்கயும் போகலை, படிக்கற ஆளுதான் இல்லை. சித்த பெருசா எழுதறேன், பொறுமையாப் படிங்க.

உபுண்டு 20.04ல இருந்த ஓப்பன்எல்டாப் 2.4, 22.04ல வர்றது 2.5. இந்த 2.5 வெளிவந்தது 2021ல. அதுல பிடிபி, எச்டிபிங்கற ரெண்டு பழைய டேட்டாபேஸ் பேக்கெண்டையும் மொத்தமா எடுத்துட்டாங்க. அது ரெண்டும் பெர்க்லி டிபிங்கற டேட்டாபேஸ் லைப்ரரியை நம்பி ஓடுனது. அதுக்கு பதிலா எம்டிபின்னு ஒண்ணு 2011லயே 2.4லயே வந்துருச்சு, ரெண்டும் ரொம்ப வருசம் பக்கத்துல பக்கத்துல இருந்துது, அதனால பழசுலயே ஓடுனவங்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியலை. 14.04 காலத்துல ஸ்லாப்டி போட்டா கேக்காமயே எச்டிபிதான் வரும், 16.04ல இருந்து எம்டிபி. உங்க சர்வர் அப்பப் போட்டதையே தூக்கிச் சுமந்துட்டு வந்துருக்குது, மேல மேல உபுண்டு மாறுனாலும் டேட்டாபேஸ் வகை தானா மாறாது. இந்த 2.5ல வந்து முட்டி நின்னுருச்சு. டெபியன் 12 ரிலீஸ் நோட்ஸ்ல இதைத் தனித் தலைப்பு போட்டே சொல்லியிருக்காங்க, பேக்கெண்டை மொதல்ல எம்டிபிக்கு மாத்தீட்டு அப்புறம் அப்கிரேட் பண்ணுங்கன்னு. டெபியன் உபுண்டு ரெண்டுக்கும் விசயம் ஒண்ணுதான்.

இப்ப வழி. மொதல்ல புது சர்வர்ல /வார்/பேக்கப்ஸ் ஃபோல்டரைப் பாருங்க. ஸ்லாப்டி பேக்கேஜ் அப்கிரேட் ஆகறப்ப பழைய கான்ஃபிக்கையும் டேட்டாவையும் அங்க ஸ்லாப்டி, பக்கத்துல பழைய வெர்ஷன் நம்பர்னு பேரு போட்ட ஃபோல்டர்ல எல்டிஃப்பா (எல்டாப் டேட்டாவை வெறும் எழுத்தா எழுதற ஃபைல் வகை) கொட்டி வைக்கிற பழக்கம் இருக்குது. உங்க டொமைன் பேர்ல ஒரு எல்டிஃப் ஃபைல் இருந்து, தொறந்தா ஆளுங்க பேரு, யுஐடி நம்பர், யூசர்பாஸ்வேர்டு வரி எல்லாம் ஒழுங்கா கடைசி ஆளு வரைக்கும் இருந்துதுன்னா பாதி வேலை முடிஞ்சுது.

அது இருந்தாலும் சரி, இல்லைன்னாலும் சரி, நானா இருந்தா உங்க சொந்தக் காப்பில இருந்து இன்னொண்ணு எடுத்து ஒத்துப் பாப்பேன். வேற ஏதாச்சும் ஒரு மிஷின்ல டாக்கர்ல (ஒரு மிஷினுக்குள்ள இன்னொரு சிஸ்டத்தைத் தனியா ஓட்டற சாஃப்ட்வேர்) உபுண்டு 20.04 இமேஜைத் தூக்கி, அதுல ஸ்லாப்டி இன்ஸ்டால் பண்ணி நிறுத்தி வெச்சுட்டு, நீங்க எடுத்து வெச்ச காப்பியோட ஒரு நகலை, ஒரிஜினலை இல்லைங்க, நகலை, /ஈடிசி/எல்டாப் கீழயும் /வார்/லிப்/எல்டாப் கீழயும் அதே இடத்துல வையுங்க. லாக்.00னு வர்ற ஃபைலுங்களையும் விட்டுராம வையுங்க, அது பெர்க்லி டிபியோட பரிவர்த்தனைக் கணக்கு, குப்பைன்னு நெனைச்சு நெறைய பேரு விட்டுட்டு வந்துருவாங்க. அப்புறம் டேட்டாவை எல்டிஃப்பா வெளிய எடுக்கற ஸ்லாப்கேட் ஓட்டுங்க, எண் 0 போட்டா கான்ஃபிக் வரும், எண் 1 போட்டா ஆளுங்க டேட்டா வரும். ஸ்லாப்டி ஓடணும்னு அவசியமே இல்லை. டேட்டாபேஸ் ரிகவரி வேணும்னு அழுதுதுன்னா டிபி5.3 யூட்டில் பேக்கேஜ்ல ரிகவர் கமாண்டு இருக்குது, அந்த நகல் மேல ஓட்டுங்க.

அடுத்தது கான்ஃபிக் எல்டிஃப்பைத் திருத்தறது, இங்கதான் கவனம் வேணும்:

பேக்_எச்டிபின்னு மாட்யூல் லோடு பண்ற வரியை பேக்_எம்டிபின்னு மாத்துங்க. ஓஎல்சிடேட்டாபேஸ் 1 எச்டிபின்னு வர்ற இடம் எல்லாத்தையும் எம்டிபி ஆக்குங்க, அதுக்குக் கீழ ஓவர்லே (டேட்டாபேஸ் மேல கூடுதல் வேலை செய்யற மாட்யூல்) இருந்தா அதோட டிஎன் (என்ட்ரியோட முழுப் பேரு) வரிலயும் இந்தப் பேரு வரும், அதையும் விடாதீங்க. ஆப்ஜெக்ட்கிளாஸ்ல எச்டிபிகான்ஃபிக்னு இருக்கறது எம்டிபிகான்ஃபிக், ஸ்ட்ரக்சரல் ஆப்ஜெக்ட்கிளாஸ்லயும் அதே. டிபிகான்ஃபிக், கேச்சைஸ், ஐடிஎல்கேச்சைஸ்னு வர்ற வரிங்க எல்லாம் பெர்க்லிக்கானது, எம்டிபிக்குத் தெரியாது, எடுத்துருங்க. இண்டெக்ஸ் வரிங்க அப்படியே இருக்கட்டும்.

புதுசா ஒரே ஒரு வரி சேக்கணும், டிபிமேக்ஸ்சைஸ். எம்டிபி எவ்வளவு பெருசா வளரலாம்னு முன்கூட்டியே சொல்லணும், சொல்லலைன்னா 10 எம்பிதான். அது நெறைஞ்சா புது ஆளைச் சேக்கறப்ப தகராறு பண்ணும், அதுவும் உடனே தெரியாது, பல மாசம் கழிச்சு வரும். 1 ஜிபி, அதாவது 1073741824னு போட்டுருங்க. அவ்வளவு இடத்தை இப்பவே டிஸ்க்குல புடிச்சுக்கும்னு கவலைப்பட வேண்டாம், அது உச்ச வரம்பு மட்டும்தான்.

அப்புறம் பிபாலிசி (பாஸ்வேர்டு விதி) ஸ்கீமா, ஸ்கீமான்னா என்னென்ன விவரம் வெச்சுக்கலாம்னு சொல்ற பட்டியல். பாஸ்வேர்டு இத்தனை நாள்ல மாத்தணும், இத்தனை தடவை தப்பாப் போட்டா லாக் ஆகணும்ங்கற மாதிரி ரூல் வெச்சிருந்தா இது இருக்கும். 2.5ல இந்த ஸ்கீமா மாட்யூலுக்குள்ளயே வந்துருச்சு, வெளிய தனியா இருக்கற பழசு இருந்தா ரெண்டும் மோதிக்கும், டூப்ளிகேட்னு சொல்லி நின்னுரும். அதனால எல்டிஃப்ல ஸ்கீமா பகுதில பிபாலிசின்னு வர்ற என்ட்ரியை முழுசா எடுத்துருங்க, ஓவர்லேயை எடுக்காதீங்க. ஸ்கீமாங்களுக்கு 0, 1, 2னு நம்பர் இருக்கும், நடுவுல இருந்து எடுத்தா பின்னாடி வர்றதோட நம்பரையும் ஒண்ணு கொறைச்சுக்கங்க.

புது சர்வர்ல ஸ்லாப்டியை நிறுத்தி, இப்ப அங்க இருக்கற ஸ்லாப்டி.டி ஃபோல்டரையும் எல்டாப் டேட்டா ஃபோல்டரையும் அழிக்காம பேரு மாத்தி ஒதுக்கி வெச்சுட்டு, அதே பேர்ல காலி ஃபோல்டர் போட்டு, எல்டிஃப்பை உள்ள ஏத்தற ஸ்லாப்ஆட் எண் 0, அப்புறம் ஸ்லாப்ஆட் எண் 1. முடிஞ்சதும் ரெண்டு ஃபோல்டரையும் உள்ள இருக்கறதோட ஓப்பன்எல்டாப் யூசர் பேருக்கு மாத்துங்க. ஸ்லாப்ஆடை ரூட்ல ஓட்டுனா ஃபைலெல்லாம் ரூட் பேர்ல உக்காந்துக்கும், ஸ்லாப்டி ஓடறது ஓப்பன்எல்டாப் யூசரா, அதால தொறக்க முடியாது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கான்ஃபிக்கைச் சரிபாக்கற ஸ்லாப்டெஸ்ட் ஒண்ணு ஓட்டிப் பாருங்க.

இத்தனையும் மொதல்ல டாக்கர்ல ஒரு 22.04 தூக்கி அங்க ஒத்திகை பாத்துட்டு அப்புறம் நெஜ சர்வர்ல பண்ணுங்க. பொழுதோட ஆளுங்க போன பின்னாடி பண்ணுனா இன்னும் நிம்மதி.

கரூர்_தறி:

இவ்வளவு தூரம் போறதுக்கு புதுசா 22.04 போட்டு எல்டாப்பும் புதுசாப் போட்டு ஆளுங்களைக் கையாலயே ஏத்தீரலாமே நண்பா? நூறு பேருக்குள்ளதான இருப்பாங்க, பாஸ்வேர்டு எல்லாருக்கும் புதுசாக் குடுத்துட்டா போதும். பழைய குப்பையைக் கொண்டாந்து புதுசுல கொட்டற மாதிரி எனக்குத் தோணுது, எங்க டெக்ஸ்டைல் ஆபீஸ்ல அப்படித்தான் பண்ணுனோம், ஒரு பொழுதுல முடிஞ்சுது.

பீளமேடு_லினக்ஸ்:

உங்க ஆபீசுக்கு அது சரியா வந்துருக்கலாங்க, இவருக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். காரணம் பாஸ்வேர்டு கூட இல்லை, யுஐடி நம்பர். லினக்ஸ்ல ஃபைல் யாருதுன்னு டிஸ்க்குல எழுதியிருக்கறது பேரு இல்லை, நம்பரு. புதுசா ஆளுங்களை ஏத்தறப்ப நம்பர் மாறிப் போச்சுன்னா கட்டிங்காரரோட மார்க்கர் ஃபைலெல்லாம் பேக்கிங்காரர் பேர்ல காட்டும், அக்கவுண்ட்ஸ் ஃபோல்டரை சம்பந்தமில்லாத ஒரு ஆளு தொறக்க முடியும். பையர் ஆடிட் வர்ற கம்பெனில அது பெரிய வம்பு. டெஸ்க்டாப் கேச்லயும் பழைய நம்பர் உக்காந்திருக்கும், புதுசும் பழசும் இழுத்துக்கும். எல்டிஃப்ல நம்பர், குரூப், ஷெல், ஹோம் ஃபோல்டர், பாஸ்வேர்டு ஹேஷ் எல்லாம் அப்படியே வந்துரும், ஆளுங்களுக்கு ஏதோ மாறுச்சுன்னே தெரியாது. குப்பைன்னு நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்குது, வேலையை விட்டுப் போனவங்க பேரெல்லாம் இன்னும் உள்ள இருக்கும், அதை சர்வர் ஓட ஆரம்பிச்ச பின்னாடி நிதானமாக் கழிச்சுக்கலாம்.

பல்லடம்_சிஸ்டம்:

அண்ணா நீங்க சொன்ன மாதிரியே ஒத்திகை பாத்துட்டு நேத்து பொழுதோட ஆரம்பிச்சமுங்க. /வார்/பேக்கப்ஸ்ல எல்டிஃப் இருந்துது, டாக்கர்ல எடுத்ததும் அதுவும் ஆளுங்க எண்ணிக்கை ஒண்ணா இருக்குது, மனசுக்கு அப்பத்தான் உசுரு வந்துது. பிபாலிசி ஸ்கீமாவும் இருந்துது, அது கடைசி நம்பரா இருந்ததால எடுக்கறது சுலபமாப் போச்சு. நெஜ சர்வர்ல ஸ்லாப்ஆட் ரெண்டும் ஒரு எர்ரரும் இல்லாம முடிஞ்சுது, ஃபைல் ஓனரும் மாத்தியாச்சு, ஸ்லாப்டெஸ்ட் சக்சீடட்னு சொல்லுது.

ஆனா ஸ்லாப்டி இன்னும் எந்திரிக்கலீங்க. இப்ப எர்ரர் வேற. மெயின், டிஎல்எஸ் இனிட் டெஃப் சிடிஎக்ஸ் ஃபெயில்டு, மைனஸ் 64னு வருது. சர்டிபிகேட்டும் அதோட கீயும் /டேட்டா/சர்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல இருக்குதுங்க, ஓப்பன்எல்டாப் யூசரால படிக்க முடியுதான்னு அந்த யூசரா மாறி கேட் அடிச்சுப் பாத்தாச்சு, நல்லாப் படிக்குது. சர்டிபிகேட் காலாவதியும் ஆகலை, அடுத்த வருசம் வரைக்கும் இருக்குது. டிஎல்எஸ்ஸை (கனெக்ஷனை என்கிரிப்ட் பண்றது) எடுத்துட்டு வெறும் 389 போர்ட்டுல ஓட்டிப் பாக்கலாமுங்களா?

நாளைக்கு எங்க ஏரியால மாதாந்திர பராமரிப்பு, காலைல 9ல இருந்து சாயந்திரம் 4 வரைக்கும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர்ல தையல் லைனும் சர்வர் ரூமும் மட்டும் ஓடும், டெஸ்க்டாப் முக்கால்வாசி ஆஃப்ல இருக்கும். அந்த நேரத்துக்குள்ள முடிச்சுட்டா நல்லா இருக்குமுங்க.

ஈரோட்டு_மஞ்சள்:

டிஎல்எஸ்ஸை எடுக்காதீங்க தம்பி. எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, எஸ்எஸ்எஸ்டி என்கிரிப்ட் ஆகாத கனெக்ஷன்ல பாஸ்வேர்டு சரிபாக்கவே பாக்காது, ஸ்லாப்டி ஓடும் ஆனா லாகின் மட்டும் ஆகாது. அப்புறம் டெஸ்க்டாப்ல கோளாறுன்னு அங்க தேட ஆரம்பிச்சுருவீங்க.

மைனஸ் 64ங்கறது குனுடிஎல்எஸ்ங்கற டிஎல்எஸ் லைப்ரரி சொல்றது, ஃபைலைப் படிக்க முடியலைன்னு அர்த்தம். உபுண்டு ஸ்லாப்டி குனுடிஎல்எஸ்லதான் கட்டுனது. யூசரா மாறிப் படிச்சா படிக்குது, ஸ்லாப்டி படிச்சா முடியலைன்னா நடுவுல ஆப்ஆர்மர் நிக்குது. ஸ்லாப்டிக்குன்னு உபுண்டுல ஒரு ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் வருது, அது எந்தெந்த ஃபோல்டரைத் தொடலாம்னு பட்டியல் போட்டு வெச்சிருக்கும். நீங்க கேட் அடிச்சப்ப அந்தப் பட்டியல் குறுக்க வரலை, அது ஸ்லாப்டி புரோகிராமுக்கு மட்டும்தான். டிமெசேஜ் (கர்னல் லாக்) எடுத்து ஆப்ஆர்மர் டினைடுன்னு தேடுங்க, பக்கத்துல உங்க /டேட்டா/சர்ட்ஸ் பாதை அப்படியே எழுதியிருக்கும்.

முன்னாடி எப்படி ஓடுச்சுன்னு கேப்பீங்க. பழைய அண்ணன் அந்தப் பாதையை /ஈடிசி/ஆப்ஆர்மர்.டி கீழ இருக்கற மெயின் ப்ரொஃபைல் ஃபைல்லயே சேத்து வெச்சிருப்பாரு, அப்கிரேட்ல புது பேக்கேஜோட ஃபைல் அதுக்கு மேல வந்து உக்காந்திருக்கும். உங்க பழைய ஈடிசி காப்பில அதே ஃபைலைத் தொறந்து புதுசோட டிஃப் போட்டுப் பாத்தீங்கன்னா தெரிஞ்சுரும். இப்ப சேக்கறப்ப மெயின் ஃபைல்ல சேக்காதீங்க, அதே பேர்ல லோக்கல்ங்கற ஃபோல்டருக்குள்ள ஒரு ஃபைல் இருக்கும், நம்ம சொந்த வரிங்களுக்குன்னே வெச்சிருக்கறது, அதுல அந்தப் பாதையைப் படிக்கலாம்னு ஒரு வரி போட்டு ப்ரொஃபைலைத் திரும்ப லோடு பண்ணுங்க. அடுத்த அப்கிரேட்ல அதைத் தொடமாட்டாங்க.

ஆப்ஆர்மரையே மொத்தமா ஆஃப் பண்ணுங்கன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்க, கேக்காதீங்க. கம்பெனில அத்தனை பேரு பாஸ்வேர்டும் இருக்கற சர்வருங்க அது.

ஸ்லாப்டி எந்திரிச்சதும் டெஸ்க்டாப்ல ஒண்ணும் பண்ண வேண்டாம், எஸ்எஸ்எஸ்டி தானா அப்பப்ப திரும்பக் கதவைத் தட்டிப் பாக்கும், ஆஃப்லைன்ல இருக்கற நேரம் ஏற ஏற அந்த இடைவெளியும் கூடும், கெடைச்சதும் ஆன்லைன் வந்துரும். அவசரம்னா அந்த ஒரு மிஷின்ல மட்டும் எஸ்எஸ்எஸ்டியை ரீஸ்டார்ட் பண்ணிக்கங்க.

பல்லடம்_சிஸ்டம்:

அக்கா, வந்துருச்சுங்க!! டிமெசேஜ்ல நீங்க சொன்ன அதே வரி அதே பாதையோட இருந்துது, லோக்கல் ஃபைல்ல சேத்து லோடு பண்ணி ஸ்டார்ட் குடுத்ததும் ஸ்லாப்டி பச்சையா நிக்குது. கரண்ட் வந்து டெஸ்க்டாப்பை எல்லாம் ஆன் பண்ணுனப்ப புது மெர்ச்சண்டைசர் பொண்ணுக்கு மொத தடவையே லாகின் ஆச்சு, லைன் ரைட்டர்ங்க மிஷின் மாத்தி மாத்தி உக்காந்து பாத்தாச்சு, பல்லடம் யூனிட்டுலயும் ஆகுது. பாஸ்வேர்டு மாத்தறதும் ஆகுது. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் பத்தாது, சம்பள என்ட்ரி இன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரே ஒரு சின்ன விசயம் மட்டும் பாக்கிங்க. பேட்டர்ன் ரூம்ல ஒரு பழைய விண்டோஸ் மிஷின் இருக்குது, அது புட்டி (விண்டோஸ்ல இருந்து எஸ்எஸ்எச்ல சர்வருக்குப் போற சாஃப்ட்வேர்) கீ வெச்சு இதே சர்வருக்கு ராத்திரி ராத்திரி மார்க்கர் ஃபைலை அனுப்பும். பாஸ்வேர்டு கெடையாது, பிபிகே கீ ஃபைல்தான். அப்கிரேடுக்கு அப்புறம் சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீன்னு சொல்லுது. மத்த மிஷினுங்க எஸ்எஸ்எச்ல நல்லாப் போகுது. இதுக்கும் எல்டாப்புக்கும் சம்பந்தம் இருக்குதுங்களா?

பீளமேடு_லினக்ஸ்:

சந்தோசமுங்க, நல்லபடியா முடிஞ்சுது.

இது எல்டாப் இல்லை, தனிக் கதை. சர்வர்ல எஸ்எஸ்எச் லாக்கைப் பாருங்க, கீ டைப் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ நாட் இன் பப்கீ அக்செப்டட் அல்காரிதம்ஸ்னு இருக்கும். 2021ல வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8ல இருந்து ஷா-1 வெச்சுப் போடற ஆர்எஸ்ஏ கையெழுத்தை டிஃபால்ட்டா ஏத்துக்கறதில்லை. 20.04ல இருந்தது 8.2, இப்ப உங்ககிட்ட இருக்கறது 8.9. கீ கெட்டுப் போகலை, அந்த மிஷின்ல இருக்கற புட்டிதான் பழசு, அதுக்கு ஷா-2 வெச்சு கையெழுத்துப் போடத் தெரியாது. புட்டி 0.75ல இருந்து தெரியும். புட்டியைப் புதுசாப் போட்டா அதே பிபிகே ஃபைலே வேலை செய்யும், சர்வர்ல ஒண்ணும் மாத்த வேண்டியதில்லை. போடறப்ப 0.81 இல்லைன்னா அதுக்கு மேல இருக்கற மாதிரி பாத்துக்கங்க, அதுக்கு முந்தின வெர்ஷனுங்கள்ல பி-521 வகைக் கீக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்து 2024 ஏப்ரல்லதான் அடைச்சாங்க. ஃபைல் அனுப்பறது பிஎஸ்சிபி (புட்டியோட ஃபைல் அனுப்பற கமாண்டு) வழியான்னா அதையும் சேத்துப் புதுசாப் போடுங்க, புட்டியை மட்டும் மாத்தீட்டு அது பழசாவே கெடந்தா ராத்திரி ஜாப் அப்பவும் ஃபெயில் ஆகும்.

அந்த விண்டோஸ்ல புது புட்டி ஏறவே ஏறாதுன்னா மட்டும், எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் கடைசில மேட்ச் அட்ரஸ் போட்டு அந்த மிஷினோட ஐபிக்கு மட்டும் பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ் பிளஸ் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏன்னு குடுங்க. எல்லாருக்கும் தொறந்து விடாதீங்க. ரீலோடு பண்றதுக்கு முன்னாடி எஸ்எஸ்எச்டி மைனஸ் சின்ன டி (-t) போட்டு கான்ஃபிக் சரியான்னு பாத்துருங்க, அதுவரைக்கும் ஒரு ரூட் செஷனை மூடாம தொறந்தே வெச்சிருங்க.